மண் மிஷனுடையது, மணி அரசாங்கத்துடையது

பினாங்கு கர்னி பாராகன் பேரங்காடிக்குப் போனவர்கள் அந்தப் பழைய கட்டடத்தைப் பார்த்திருப்பார்கள். கண்ணாடியும் எஸ்கலேட்டருமாக இருக்கும் கடைத்தொகுதியை ஒட்டி, வளைவு வளைவாகத் தாழ்வாரம் வைத்த கட்டடம். இப்போது உள்ளே சாப்பாட்டுக் கடைகள். சென்ற முறை கோலாலம்பூரிலிருந்து வந்த பெரியம்மாவை அங்கே காப்பி குடிக்க அழைத்துப் போயிருந்தேன். அவர் அறுபதுகளில் கான்வென்ட்டில் படித்தவர். தாழ்வாரத்தைக் கண்டதும் நின்றுவிட்டார்.

“என்னடா இது, கான்வென்ட் மாதிரி இருக்கு?”

“கான்வென்ட் இல்ல பெரியம்மா. பிரதர்மாருங்களுக்குப் பயிற்சி கொடுத்த இடம். செயின்ட் ஜோசப்ஸ் நொவிஷியேட்.”

“அப்ப பிரதருங்க எல்லாம் எங்க?”

காப்பி வந்துவிட்டதால் பதில் சொல்லாமல் தப்பித்தேன். ஆனால் மலேசியாவில் கத்தோலிக்கப் பள்ளிகளின் இன்றைய நிலையைப் பற்றிப் பேச வேண்டுமானால் பெரியம்மாவின் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும். லசால் சகோதரர்கள் என்னும் துறவற சபைக்கு இந்த வட்டாரத்தில் ஆசிரியர்களை உருவாக்கித் தந்த வீடு அது. உருவாக்க ஆள் வருவது குறைந்தது. கட்டடம் முதலில் ஒரு சர்வதேசப் பள்ளிக்குப் போனது, பிறகு பேரங்காடிக்குள் அடங்கியது. பாரம்பரியக் கட்டடம் என்பதால் இடிக்கவில்லை, அதுவே பெரிய விஷயம்.

நம்மில் பலர் “மிஷன் ஸ்கூல்” என்று சொல்லும்போது அது தனியார் பள்ளி என்றே நினைக்கிறோம். தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்கள் நிச்சயமாக அப்படித்தான் நினைக்கிறார்கள். “கான்வென்ட்டா? பீஸ் அதிகமா இருக்குமே!” என்பார்கள். இங்கே அப்படி இல்லை. பெரும்பாலான மிஷன் பள்ளிகள் அரசாங்க உதவி பெறும் தேசியப் பள்ளிகள். நிலமும் கட்டடமும் துறவற சபைக்கோ மறைமாவட்டத்துக்கோ சொந்தம். ஆசிரியர், தலைமையாசிரியர், பாடத்திட்டம், சம்பளம், மாணவர் சேர்க்கை எல்லாம் கல்வி அமைச்சின் கையில். வீட்டுக்காரர் ஒருவர், குடித்தனம் நடத்துபவர் இன்னொருவர் என்று வைத்துக்கொள்ளலாம். வித்தியாசம் என்னவென்றால், இங்கே வீட்டுக்காரருக்கு வாடகை என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் வராது. கூரை ஒழுகினால் மட்டும் ஞாபகம் வரும்.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1852-ல் லசால் சகோதரர்களும் குழந்தை இயேசு சபையின் கன்னியரும் பினாங்கில் கரை இறங்கினார்கள். சகோதரர்கள் எடுத்து நடத்தியது செயின்ட் சேவியர்ஸ் இன்ஸ்டிடியூஷன். பிரான்ஸிலிருந்து வந்த அன்னை மத்தில்டும் உடன் வந்த கன்னியரும் தொடங்கியது லைட் ஸ்ட்ரீட் கான்வென்ட். கோலாலம்பூருக்கு இவர்கள் வந்து சேர இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. 1899-ல் புக்கிட் நானாஸ் கான்வென்ட், 1904-ல் அதே குன்றில் செயின்ட் ஜான்ஸ். எதிர்க்கட்சி அரசியல்வாதி கர்ப்பால் சிங் படித்தது செயின்ட் சேவியர்ஸில், முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக் படித்தது செயின்ட் ஜான்ஸில். நாடாளுமன்றத்தில் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்த இருவருக்கும் ஒரே சபை பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

தமிழர்களுக்கு இந்தப் பள்ளிகள் என்னவாக இருந்தன? செந்தூல் ரயில் பட்டறையிலும் பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸிலும் வேலை பார்த்த குடும்பங்களுக்கு, பிள்ளை தொழிலாளியாக இல்லாமல் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, உட்கார வேண்டுமென்றால் ஆங்கிலம் வேண்டும். ஆங்கிலத்துக்கு மிஷன் பள்ளி. கத்தோலிக்கர் மட்டுமில்லை; திருநீறு பூசிய வீட்டுப் பிள்ளைகளே அதிகம். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளைக் கன்னியர் விடுதியில் வைத்து வளர்த்தார்கள். செந்தூலில் செயின்ட் ஜோசப், தைப்பிங்கில் செயின்ட் தெரேசா கான்வென்ட், ஈப்போவில் செயின்ட் பிலோமினா கான்வென்ட் என்று தமிழ்ப்பள்ளிகளே மிஷன் பெயரோடு இருக்கின்றன. இவற்றை நாம் தமிழ்ப்பள்ளிக் கணக்கில் மட்டும் எழுதி, மிஷன் கணக்கில் மறந்துவிடுகிறோம்.

1957-ன் சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் கேள்வி வந்தது: ஆளுக்கொரு பாடத்திட்டம் வைத்துக்கொண்டு ஒரு நாடு எப்படி நடக்கும்? 1956-ன் ரசாக் அறிக்கை, 1960-ன் ரஹ்மான் தாலிப் அறிக்கை, அதைத் தொடர்ந்து 1961-ன் கல்விச் சட்டம். சட்டம் வைத்த தேர்வு எளிமையானது. தேசியக் கல்வி முறைக்குள் வந்தால் முழு உதவி, வராவிட்டால் உதவி இல்லை. சீன இடைநிலைப்பள்ளிகளில் ஒரு பகுதி வெளியே நின்று சுயேச்சைப் பள்ளிகளாயின. சமூகமே காசு போட்டு இன்றுவரை நடத்துகிறது. மிஷன் பள்ளிகள் உள்ளே போயின. அன்றைய நிலையில் அதைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் தரும், ஏழைப் பிள்ளைக்குக் கட்டணம் வேண்டாம் என்றால் எந்தக் கன்னியர் சபை வேண்டாம் என்று சொல்லும்? ஏழைக்குப் பள்ளி என்பதற்காகத்தானே அவர்கள் கப்பலேறினார்கள்.

விலை பிறகுதான் தெரிந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில், ஆசிரியர் சேவையை ஆராய்ந்த அஸீஸ் ஆணைக்குழுவின் அறிக்கையை ஒட்டி, உதவி பெறும் பள்ளிகளின் ஆசிரியர்களும் ஒரே அரசாங்கச் சேவைக்குள் வந்தார்கள். அதோடு யாரை எங்கே அனுப்புவது என்ற அதிகாரம் பள்ளி வாரியத்தின் கையைவிட்டுப் போனது. 1970-ல் முதலாம் ஆண்டில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாகப் பயிற்றுமொழி மலாய்க்கு மாறியது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஆறாம் படிவம் வரை போய்ச் சேர்ந்தது. தேசிய மொழி என்ற நியாயம் அதற்கு உண்டு. ஆனால் “ஆங்கிலத்துக்காக மிஷன்” என்று வந்துகொண்டிருந்த சீனக் குடும்பங்கள், இனி இங்கே ஏன் வர வேண்டும் என்று யோசித்து சீனப்பள்ளிகளுக்குப் போயின. இதே நேரத்தில் வெளிநாட்டு மிஷனரிகள் நாட்டில் தங்கும் காலத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. ஐரிஷ் பிரதர்களும் பிரெஞ்சுக் கன்னியரும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள், அல்லது இங்கேயே கல்லறைக்குப் போனார்கள். உள்ளூரிலிருந்து அந்த எண்ணிக்கையில் யாரும் சபையில் சேரவில்லை. ஒரு வீட்டில் இரண்டு பிள்ளை என்று ஆன பிறகு, ஒன்றைச் சபைக்குக் கொடுக்க எந்த அம்மா முன்வருவார்?

பெரியம்மாவின் கேள்விக்கு இதுதான் பதில். பிரதர்களை யாரும் விரட்டவில்லை. வயதாகிவிட்டது, பின்னால் ஆள் இல்லை.

இனி நிலத்துக்கு வருவோம். கதை உண்மையில் சூடாவது அங்கேதான்.

புக்கிட் நானாஸ் குன்று கோலாலம்பூரின் நடுவயிற்றில் இருக்கிறது. தலைக்கு மேலே கே.எல். டவர். 1899-ல் அது ஊருக்கு ஓரம். இன்று ஒரு சதுர அடியின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். கான்வென்ட் நிலம் அரசாங்கத்திடமிருந்து குத்தகையில் பெற்றது; அந்தக் குத்தகை 2021 செப்டம்பரில் முடியவிருந்தது. புதுப்பிக்கக் கேட்ட விண்ணப்பத்தைக் கூட்டரசுப் பிரதேச நில அலுவலகம் மறுத்தது. பள்ளியை முழு அரசாங்கப் பள்ளியாக்கும் எண்ணம் அதன் பின்னால் இருந்தது. சபை உயர்நீதிமன்றம் போனது. முன்னாள் மாணவிகள் வயது வித்தியாசம் பாராமல் கிளம்பிவிட்டார்கள். அந்த நாட்களில் என் வாட்ஸ்அப்பில் நீல நிற பினஃபோர் போட்ட கறுப்பு வெள்ளைப் படங்கள்தான். கடைசியில் குத்தகை 60 ஆண்டுக்கு, 2081 வரை புதுப்பிக்கப்பட்டது.

வெற்றிதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த வழக்கு ஒரு விஷயத்தை வெளிச்சம் போட்டுக் காட்டியது. நூறு ஆண்டுக்கு மேல் பள்ளி நடத்திய சபைக்கும், அந்த இடத்தில் தொடர்ந்து பள்ளி நடப்பதற்கே நில அலுவலகத்தின் கையெழுத்து தேவைப்படுகிறது. நாட்டில் கத்தோலிக்கர், ஆங்கிலிக்கர், மெதடிஸ்ட் என்று எல்லாம் சேர்த்து நானூற்றுக்கும் மேற்பட்ட மிஷன் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் எத்தனையின் பட்டா நிரந்தரம், எத்தனை குத்தகை, எது எப்போது முடிகிறது என்பதைத் தலைமையாசிரியர் அறையில் கேட்டால் பதில் கிடைக்காது. அவருக்கு அது தேவையும் இல்லை. இரண்டு ஆண்டில் மாற்றலாகிப் போகிறவர்.

பினாங்கு லைட் ஸ்ட்ரீட்டில் கதை தலைகீழ். நிலத்தை யாரும் கேட்கவில்லை. கன்னியர் சபையே தன் வளாகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது, தனியார் கல்விக்காக. 1852-ல் தொடங்கி, 1859 முதல் பழைய கவர்ன்மென்ட் ஹவுஸ் இருந்த கடற்கரை வளாகத்தில் நடந்த பள்ளி அது. ஜப்பானியர் காலத்தில், 1943-ல், கிரெனேடியர் என்ற அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலின் மாலுமிகளை அங்கே அடைத்து வைத்திருந்தார்கள். வகுப்பறைச் சுவரில் அவர்கள் கீறிய பெயர்களைப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட பள்ளியில் முதலில் புது மாணவிகளைச் சேர்ப்பது நின்றது. உள்ளே இருந்தவர்கள் படித்து மேலே போகப் போக, கீழ் வகுப்புகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. சபை சொன்ன காரணத்தைச் சுருக்கினால்: பராமரிக்க முடியவில்லை, எங்கள் கல்வி இங்கே நடப்பதாகவும் இல்லை.

இதற்கு இன்னொரு பின்னணி உண்டு, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஜார்ஜ்டவுன் நகரத்துக்குள்ளே பிள்ளைகளே குறைந்துபோனார்கள். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997-ல் ரத்தானது. 2000-ல் பாதுகாப்பு முழுதாக விலகியது. கடைவீட்டு மாடியில் சொற்ப வாடகைக்குத் தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பங்கள் பாயான் லெப்பாஸ், பட்டர்வொர்த், அதற்கும் அப்பால் என்று போய்விட்டன. 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்தது. வீடுகள் பூட்டிக் ஹோட்டல்கள் ஆயின. சைக்கிளில் பள்ளிக்கு வந்த பிள்ளை இருந்த இடத்தில் இப்போது சைக்கிளை வாடகைக்கு எடுக்கும் சுற்றுலாப் பயணி. நகரப் பள்ளியின் சேர்க்கை ஏன் சரிந்தது என்று ஆசிரியரின் தரத்தையும் மதப் பிரச்சினையையும் மட்டும் துருவிக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது. அடுத்த தெருவில் பிள்ளை இல்லாவிட்டால் எந்தப் பள்ளியும் நிற்காது.

பணத்தைப் பற்றி ஒரு நேரடி அனுபவம். கோலாலம்பூரில் ஒரு மிஷன் பள்ளியின் வாரியத்தில் என் நண்பர் இருக்கிறார். பெயர் வேண்டாம். மாடி வகுப்பறை ஒன்றின் கூரை லேசாகத் தொங்குவதாகச் சொல்லி ஆளைக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் கூடப் போயிருந்தேன். வந்த ஆசாரி ஏணியில் ஏறி, உத்தரத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார். கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது, கேக்கில் கத்தி போவது போல. வெளியே பார்த்தால் பெயின்ட் அடித்து நன்றாகவே இருக்கிறது. உள்ளே முழுக்கக் கரையான். ஆசாரி ஒன்றும் பேசவில்லை, இறங்கி வந்து மேஜைகளை ஓரமாகத் தள்ளச் சொன்னார். அந்த வகுப்பை அன்றே பூட்டினார்கள்.

யார் செலவு? கட்டடம் மிஷனுடையது, ஆகவே மிஷன் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஒரு பக்கம். உள்ளே படிப்பது அரசாங்கப் பள்ளிப் பிள்ளைகள்தானே என்பது மறுபக்கம். அரசாங்கம் ஒன்றும் தரவில்லை என்று சொல்ல முடியாது. 2012 பட்ஜெட்டில் தமிழ்ப்பள்ளிகளுக்கும் சீனப்பள்ளிகளுக்கும் மிஷன் பள்ளிகளுக்கும் தலா 100 மில்லியன் வெள்ளி (ரிங்கிட்) ஒதுக்கினார்கள். ஆனால் நானூறு பள்ளிக்குப் பிரித்தால் ஒன்றுக்குக் கால் மில்லியன். நூறு வயதுக் கட்டடத்தின் ஓட்டுக்கூரைக்கே அது போதாது. பாரம்பரியக் கட்டடமாக அறிவித்துவிட்டால் கண்ட தகரத்தையும் போட முடியாது, அதே ஓடு, அதே மரம். மிச்சத்துக்குக் கேன்டீன் டே. கூப்பன் புத்தகத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்து விற்கச் சொல்வார்கள். ஃபிளாட்டில் இருக்கும் தமிழ்ப் பிள்ளை யாரிடம் விற்கும்? அதன் அம்மாவே வாங்கிவிடுவார். உத்தரத்துக்கான பணத்தில் ஒரு பகுதி அப்படித்தான் வந்தது. பழைய மாணவர் சங்கம் பலமாக இருக்கும் பெரிய பள்ளிகள் இரவு விருந்து வைத்து ஒரே நாளில் திரட்டிவிடும். சிறிய பள்ளிக்கு அந்த யோகம் இல்லை.

மதம் சம்பந்தமான பிரச்சினைதான் வெளியே அதிகம் பேசப்படுவது. சிலுவை, சொரூபம், காலைச் சபையில் யார் ஜெபம். சட்டத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். 1996-ன் கல்விச் சட்டப்படி, ஒரு பள்ளியில் ஐந்து முஸ்லிம் மாணவர் இருந்தாலே இஸ்லாமியச் சமயப் பாடம் நடத்த வேண்டும். அடுத்த பிரிவு, உதவி பெறும் பள்ளியின் வாரியம் பிற சமயத்தைத் தன் மாணவருக்குப் போதிக்கலாம் என்கிறது. ஆனால் அரசாங்கப் பணத்தில் கூடாது, பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். கூட்டரசு அரசியலமைப்பின் 12-ஆம் பிரிவும் ஒவ்வொரு சமயத்தவருக்கும் தங்கள் பிள்ளைகளுக்குத் தங்கள் சமயத்தைக் கற்பிக்க நிறுவனம் நடத்தும் உரிமையைத் தருகிறது. ஆக, ஏட்டில் கதவு திறந்தே இருக்கிறது. உள்ளே போகத்தான் ஆளும் நேரமும் இல்லை. மறைக்கல்வி இன்று ஞாயிறு காலையில் பங்குக் கோயிலில் நடக்கிறது, பள்ளியில் இல்லை. தலைமையாசிரியரை நியமிக்கும்போது எங்களையும் கலந்து பேசுங்கள் என்பது மிஷன் அமைப்புகளின் நீண்ட நாள் கோரிக்கை. கேட்டு அனுப்பிய இடங்களில் சிலுவை பிரச்சினை ஆனதில்லை. கேட்காமல் அனுப்பிய இடங்களிலும் நல்ல மனிதர்கள் வந்ததுண்டு. அது அதிர்ஷ்டம், அதிர்ஷ்டத்தை நம்பிப் பள்ளி நடத்த முடியுமா என்பதுதான் அவர்கள் கேட்பது.

என்னைக் கேட்டால் சிலுவை இரண்டாவது கவலை. முதல் கவலை, உள்ளே வரும் பிள்ளை யார் என்பது.

முன்பு கான்வென்ட்டில் இடம் வேண்டுமென்றால் மதர் சுப்பீரியரைப் பார்ப்பார்கள், அல்லது பங்குத் தந்தை ஒரு கடிதம் எழுதிக் கொடுப்பார். அதில் சிபாரிசும் இருந்தது, ஓரவஞ்சனையும் இருந்தது. பொன்னான காலம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் ரப்பர் தோட்டத்துப் பிள்ளை ஒன்றைப் பார்த்து, “இவளைச் சேர்த்துக்கொள், கட்டணம் வேண்டாம்” என்று சொல்ல அங்கே ஒருவர் இருந்தார். இன்று இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான முதலாம் படிவத்துக்கு எந்தப் பிள்ளை எந்தப் பள்ளி என்பது அமைச்சின் முறைப்படி, படித்த ஆரம்பப்பள்ளியையும் முகவரியையும் வைத்து முடிவாகிறது. எல்லாருக்கும் ஒரே விதி என்ற வகையில் நியாயம்தான். ஆனால் மிஷனின் நோக்கமே ஒருவரைத் தேடிப் போய்ச் சேர்ப்பது. தேடும் கை அதற்கு இப்போது இல்லை.

தமிழைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் காலத்தில் பி.ஓ.எல். (மாணவரின் சொந்த மொழி) வகுப்பு என்று ஒன்று உண்டு; பள்ளி முடிந்த பிறகோ சனிக்கிழமையோ தமிழ் நடக்கும். இன்றும் பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்பு நடத்த வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பதினான்கு பேர் இருந்தால்? அந்த ஒருவரைத் தேடி அலைந்த பெற்றோரை எனக்குத் தெரியும். கண்டுபிடித்தார்கள், அதற்குள் தமிழ் ஆசிரியர் வேறு பள்ளிக்கு மாற்றலாகிவிட்டார். இதில் மிஷன் வாரியம் செய்யக்கூடியது நிறைய உண்டு. வகுப்பறை அதனுடையது, பங்கில் தமிழ் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பினாங்கு ரோட்டில் செயின்ட் பிரான்சிஸ் சேவியர் கோயில் 1857 முதல் தமிழர்களுக்கான கோயில். அங்கே ஞாயிறு திருப்பலிக்கு வரும் கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களே ஒரு வரிசை இருப்பார்கள். அவர்களைப் பள்ளி கேட்டதில்லை, அவர்களும் போய்ச் சொன்னதில்லை.

பல்கலைக்கழகம் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. மலேசியாவில் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் கிடையாது. உயர்கல்வி என்று சொல்லக்கூடிய பழைய நிறுவனம் பினாங்கின் காலேஜ் ஜெனரல். அதுவும் குருமாணவர்களுக்கான கல்லூரி. 1665-ல் சயாமின் அயுத்தியாவில் தொடங்கி, போர்களால் துரத்தப்பட்டு, 1808-ல் பினாங்கு வந்து புலாவ் தீக்குஸில் நிலைத்தது. கொரியாவில் 1839-ல் தலை வெட்டப்பட்ட புனித ஜாக் சாஸ்தான் இங்கே பாடம் சொன்னவர். சீனா, வியட்நாம், சயாம், பர்மா என்று எங்கிருந்தெல்லாமோ பிள்ளைகள் வந்த கல்லூரி, 1984-ல் தஞ்சோங் பூங்காவுக்கு மாறியது. இன்று அதன் மாணவர்களை விரல்விட்டு எண்ண அதிக நேரம் ஆகாது.

ஆகவே நம் கத்தோலிக்கக் குடும்பங்கள் பிள்ளைகளை மணிலாவுக்கும் சென்னைக்கும் அனுப்பின. 1925-ல் தொடங்கிய சென்னை லயோலாவில் படித்த மலேசியத் தமிழர்கள் என் வட்டத்திலேயே சிலர் உண்டு. அந்த ஊரோடு ஒப்பிட்டால்தான் நம் நிலை தெளிவாகிறது. இந்திய அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவு, சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி கல்வி நிறுவனம் தொடங்கி நடத்தலாம் என்கிறது. உதவி வாங்கினாலும் முதல்வரைத் தேர்ந்தெடுப்பது நிர்வாகம். திருச்சி செயின்ட் ஜோசப், பாளையங்கோட்டை செயின்ட் சேவியர்ஸ் எல்லாம் அந்தக் குடையின் கீழ் நிற்பவை. அவர்களுக்கும் தலைவலி இல்லாமலில்லை. உதவி பெறும் பாடங்களுக்குப் பக்கத்திலேயே சுயநிதிப் பாடங்கள் வளர்ந்து, ஏழைக்காகத் தொடங்கிய கல்லூரியில் கட்டணம் கட்ட முடிந்தவர் கூட்டம் கூடிவிட்டது என்று அவர்களே பேசிக்கொள்கிறார்கள். உரிமை கையில் இருந்தும் அதே பள்ளத்தில் விழ முடியும் என்பதற்கு அது சாட்சி. ரோமிலிருந்து வரும் விதிகளும் நம் ஊருக்குள் வரும்போது விநோதமாகிவிடும். 1990-ல் இரண்டாம் ஜான் பால் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு வகுத்த சட்டம், கத்தோலிக்கர் அல்லாத ஆசிரியர் பெரும்பான்மை ஆகிவிடக் கூடாது என்கிறது. நம் மிஷன் பள்ளியின் ஆசிரியர் அறையில் அதைப் படித்துக் காட்டினால் சிரித்துவிடுவார்கள். ஒரு கத்தோலிக்க ஆசிரியர் இருந்தாலே வாரியம் நிம்மதிப் பெருமூச்சு விடும்.

அடுத்து என்ன? இப்போது அடிபடும் பதில், லைட் ஸ்ட்ரீட் காட்டிய வழி: தனியார், சர்வதேசப் பள்ளி. சர்வதேசப் பள்ளிகளில் மலேசிய மாணவர் 40 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பை 2012-ல் எடுத்துவிட்ட பிறகு அந்தச் சந்தை பெருத்துவிட்டது. ஆங்கிலம் திரும்பக் கிடைக்கும், சிலுவை பத்திரமாக இருக்கும், தலைமையாசிரியரைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம், கூரைக்கும் பணம் வரும். மிஷனின் எல்லாக் குறையும் ஒரே அடியில் தீர்ந்துவிடுவது போல் தெரிகிறது. கட்டணம் ஆண்டுக்குப் பல்லாயிரம் வெள்ளி என்ற ஒன்றைத் தவிர. உதவித்தொகை இடங்கள் இருக்கும் என்பார்கள். இருக்கட்டும். ஆனால் நூறு பேர் உரிமையோடு உட்கார்ந்த பெஞ்சில் நான்கு பேர் தயவில் உட்காருவது அதே பெஞ்சு ஆகாது. செந்தூல் பட்டறைக்காரர் மகளை வகுப்பறைக்குக் கொண்டுவந்த சபை, தன் அடையாளத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவள் பேத்தியை வெளியே விட்டால், காப்பாற்றியது எதை என்று கேட்கத் தோன்றுகிறது.

நான் சபைகளைக் குற்றம் சொல்வதாக நினைக்க வேண்டாம். எழுபது எண்பது வயதில் விரல்விட்டு எண்ணக்கூடிய கன்னியர், கரையான் அரித்த உத்தரம், முடியப்போகும் குத்தகை என்று வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் யாருக்கும் அந்தக் கணக்குதான் வரும். நடுவழி ஒன்று இருக்கிறது, ஆனால் அது சலிப்பூட்டும் வேலை. வாரியத்தில் பெயருக்கு இருக்கும் பெரிய மனிதர்களுக்குப் பதிலாக வேலை செய்யும் பொதுநிலையினரை, அதாவது துறவி அல்லாத சாதாரண விசுவாசிகளை, உட்கார வைப்பது. குத்தகைக் காலத்தைப் பத்து ஆண்டு முன்பே கவனிப்பது. தலைமையாசிரியர் நியமனத்தில் ஆலோசனை என்பதை எழுத்தில் வாங்குவது. பள்ளி முடிந்த மதியத்தில் சும்மா கிடக்கும் வகுப்பறையைத் தமிழுக்கும் கணக்குக்கும் இலவசமாகத் திறந்துவிடுவது. இதற்கெல்லாம் துறவு உடுப்பு தேவையில்லை. லசால் சகோதரர்கள் தங்கள் பள்ளிகளில் பொதுநிலை ஆசிரியர்களைக் கூட்டாளிகள் என்று அழைத்துப் பயிற்சி கொடுக்கத் தொடங்கி வெகு காலமாகிறது. தாமான் (குடியிருப்பு) கோயில்களில் ஒரு கும்பாபிஷேகத்துக்கு நம் ஆட்கள் ஓடுகிற ஓட்டத்தில் கால்வாசி போதும்.

பெரியம்மா அன்று காப்பியை முடித்துவிட்டு, வந்த விஷயத்தைச் சொன்னார். பேத்தி தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடிக்கிறாள். தான் படித்த கான்வென்ட்டிலேயே அவளைச் சேர்க்க வேண்டும் என்று ஆசை. ஆனால் வீடு இருக்கும் இடத்துக்கு வேறு பள்ளிதான் வரும் என்கிறார்கள். “எந்தச் சிஸ்டரைப் பாக்கணும்னு மட்டும் சொல்லு” என்றார். பார்க்க யாரும் இல்லை பெரியம்மா, ஆன்லைனில் வரும், வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம் என்றேன். அவருக்கு நம்பிக்கையில்லை.

கோலாலம்பூர் திரும்பியதும் பங்குத் தந்தையிடம் போய்க் கடிதம் கேட்டிருக்கிறார். அவரும் மறுக்காமல், கோயில் முத்திரை குத்தி எழுதிக் கொடுத்திருக்கிறார். கான்வென்ட் அலுவலகத்தில் அதை வாங்கிப் படித்த மலாய்ப் பெண் மரியாதையாக, “மக்சிக் (அத்தை), இதுக்கு இங்க ஃபைல் இல்ல” என்று திருப்பிக் கொடுத்தாராம். பெரியம்மா விடவில்லை. மேல்முறையீட்டுப் பாரத்தோடு, பேத்தியின் பிறப்புப் பத்திரத்துக்கும் தண்ணீர் பில்லுக்கும் நடுவில் அந்தக் கடிதத்தையும் பின் அடித்து, கல்வி அலுவலகத்துக் கவுன்டரில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.